ஜீப்பில் தெரியாத டியூப்லைட்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஸ்பிரே அடிக்க முடியாது, ஈரத்துல அடிச்சா பெயின்ட் வெளுத்துடும். தேய்ப்பு வேலை மட்டும்.

கர்னலோட பழைய ராணுவ ஜீப். பானெட் தவிர மத்ததெல்லாம் அடிச்சாச்சு. அவர் வீடு சைனிக்புரி, அங்கேர்ந்து தினம் ஒரு போன். பளபளக்கவும் கூடாதாம், சுண்ணாம்பு மாதிரி செத்தும் கிடக்கக் கூடாதாம். முட்டை ஓட்டு மினுக்கு, அவ்வளவுதான். மினுங்குற வண்டி எதிரி கண்ணுல பட்டுடுமாம். நம்ம ஏ.எஸ்.ராவ் நகர்ல எந்த எதிரி!

கதவைச் சாய்ச்சு டியூப்லைட் பிம்பத்தைப் பார்த்தேன். விளிம்பு கூர்மையாத் தெரிஞ்சா மினுக்கு ஜாஸ்தி, கலங்கலாத் தெரிஞ்சா சரி. கலங்கல்தான். பிரமாதம்டா.

வாங்க: தின்னர், உப்புத்தாள், நித்யாவுக்கு மழைக்கோட்டு.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில். ஷெட்டுக்கு டீ கொண்டுவந்த நித்யா (காலேஜ் போற வயசாகியும் என் பொண்ணுக்குத் தமிழ்ல பதில் வராது, இந்த ஊர்த் தெலுங்குதான்) கதவைப் பார்த்துட்டு, "ஷைன் ஒஸ்தோந்தி அப்பா." பளபளங்குதாம்.

"நக்கோ பேச்சு, ஒண்ணும் சொல்ல வேணாம். போ."

என் வீட்டுக்காரி விமலாவும் எட்டிப் பார்த்தா. "ஏங்க, இதைப் பார்த்தே பொட்டு வெச்சுக்கலாம் போலிருக்கே."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நானும். அவங்க போனப்புறம் சாம்பிள் தகடு ரெண்டை எடுத்தேன். ஒண்ணு மேட், ஒண்ணு முழு மினுக்கு. பின்னாடி நானே எழுதி வெச்சது. திருப்பிப் பார்க்காம எது எதுன்னு சொல்ல முடியல.

மூக்குக்கண்ணாடியைத் துடைச்சேன். மறுபடியும் துடைச்சேன். 

ஆகஸ்ட் 6, புதன்

புது டியூப்லைட் மாட்டினேன். பழசுலதான் கோளாறுன்னு மனசைத் தேத்திக்கிட்டு. அதே கலங்கல்.

எங்கப்பாவுக்குக் கண் அழுத்தம் இருந்துச்சு. வலி இல்ல, சிவப்பு இல்ல. பார்வையை ஓரத்துலேர்ந்து அரிச்சு அரிச்சு, கடைசியில தட்டுல சோத்தைத் தடவி எடுத்தாரு. பிள்ளைங்க வருஷா வருஷம் பரிசோதிச்சுக்கணும்னு டாக்டர் அப்பவே சொன்னாரு. நான் போகல. போனா தெரிஞ்சுடுமே. சொத்து ஒண்ணும் எழுதி வைக்காத மனுஷன் இதை மட்டும்... சே.

பானெட் அடிக்கல. விமலா கேட்டதுக்கு, பெயின்ட் தீர்ந்துடுச்சுன்னேன். டின் நிறைய இருக்கு.

ஆகஸ்ட் 7, வியாழன்



காலையில நித்யாவை ஸ்கூட்டர்ல காலேஜ்ல விடப் போனேன். ஹப்சிகுடா முக்கு. இடது பக்கம் ஈ காக்கா இல்ல. திரும்பினேன். "அப்பா! பஸ்!" தோளைப் பிடிச்சு இழுத்தா. அவ்வளவு பெரிய சிட்டி பஸ். எங்கேயிருந்துதான் வந்துச்சு? டிரைவர் தலையை வெளியே நீட்டி, "அந்தா ஹை க்யா?" குருடான்னு. ரோட்ல எல்லாரும் எல்லாரையும் கேக்குறதுதான்.

நித்யா காலேஜ் வரைக்கும் என் சட்டையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு வந்தா.

பயமா இருக்கு. எழுதிட்டேன். பயமா இருக்கு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கர்னல் சொல்லாம கொள்ளாம வந்து நின்னாரு. ஜீப்பை ஒரு சுத்து சுத்தினாரு. "ஷாதி கி காடி ஹை க்யா?" கல்யாண வண்டியா இதுன்னு.

கத்தியிருந்தா தேவலாம். குரலை இறக்கி, நீதான் அடிச்சியான்னு கேட்டாரு. வாய் தவறி, இல்ல, தவறல, சொல்லிட்டேன். "மினுக்கு தெரியல சார். ஓரமும் தெரியல."

பொண்டாட்டிக்குத் தெரியுமான்னாரு. தலையாட்டினேன், இல்லன்னு. நேரா சமையல்கட்டு வாசலுக்குப் போய் அவளைக் கூப்பிட்டுட்டாரு, பாவி மனுஷன்.

விமலா அழல. ஆணியிலேர்ந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டா. "என் பொண்ணைப் பின்னாடி உக்கார வெச்சு ஓட்டினீங்களே," அவ்வளவுதான் சொன்னா. ராத்திரி ரசம் மட்டும்.

ஆகஸ்ட் 9, சனி

கண் ஆஸ்பத்திரி. ஆட்டோ. விமலா வழி பூரா என் கையை விடல.

இருட்டு ரூம். பெரிய கிண்ணம் மாதிரி மெஷின். முகத்தை உள்ளே வெச்சு நடுவுல மட்டும் பார்க்கணும். சுத்தி எங்கேயாவது புள்ளியா வெளிச்சம் வந்தா பட்டனை அழுத்தணும். முதல்ல நல்லாத்தான் வந்துச்சு. டக். டக். பரவாயில்லையேன்னு தைரியம்கூட வந்துடுச்சு. அப்புறம் ஒண்ணும் வரல. காத்துக்கிட்டே இருந்தேன். கழுத்து வலிச்சுது.

"ஏம்மா, மெஷின் நின்னுடுச்சு போல."

டெஸ்ட் எடுக்குற பொண்ணு தெலுங்குல சொல்லிச்சு, நல்ல பொண்ணு, மெதுவாத்தான் சொல்லிச்சு: "நிக்கல அங்கிள். லைட்டு வந்துக்கிட்டேதான் இருக்கு."