ஊறவைத்ததைச் சொல்லியிருக்கலாமே, அண்ணே

என் ஆசை அண்ணே,

விஷயம் தெரிந்ததும் உன் படத்தோடு பேசாமல் இருந்து பார்த்தேன். செத்துப்போனவனிடம் பேசாமல் இருந்து யாரை நோகடிக்க? அதனால் நாலு பேர் படிக்கவே எழுதுகிறேன்.

ஏரலில் உன் விதைக்கடையைக் காலி செய்துவிட்டோம். மீந்து கிடந்த மிளகாய் விதையை நான் அள்ளும்போது மதினி வாய்விட்டுவிட்டாள். "போன வருசம் ஒனக்குக் குடுத்ததும் இந்தப் பழசுதாம்ளா. தண்ணியில ஊறப்போட்டு, நெழல்ல காயவச்சுத்தான் ஒங்கண்ணன் குடுத்தாவ. ஒங்கிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னுட்டாவ."

பழைய விதையை ஊறவைத்து உலர்த்தினால் நன்றாக முளைக்கும். அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அப்படி உசுப்பிவிட்ட விதை அதிக நாள் தாங்காது, உடனே விதைத்துவிட வேண்டும். இதை ஏன் சொல்லவில்லை? புது விதை என்று நம்பி, மழைக்காக டப்பாவில் போட்டுவைத்தேன். மானாவாரிக் காட்டுக்காரி வேறென்ன செய்வாள்? மழை தள்ளிப்போனது. விதை டப்பாவுக்குள்ளேயே செத்துப்போனது. அது தெரியாமல், மழை விழுந்ததும் அதைத்தான் விதைத்தேன்.

முளைக்காத காட்டைப் பார்க்க நீயும் வந்தாய். குனிந்து மண்ணைக் கிளறிவிட்டு, "ஆழமாப் போட்டுட்டியேளா, பெறவு எப்படி மொளைக்கும்?" என்றாய், ஊரார் முன்னால்.

எங்கள் ஊரில் யார் காட்டில் விதைப்பு என்றாலும் முதல் கை விதை போட என்னைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரி என்பார்கள். அதற்கப்புறம் ஒருவரும் கூப்பிடவில்லை. அடுத்த காட்டுப் பூரணத்தக்கா, நான் வரப்பில் நிற்கும்போதே என்னைத் தாண்டிப்போய் வேறொருத்தியை அழைத்துவந்தாள். அன்று உன் கடைக்கு வந்துதான் அழுதேன். காப்பி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் சொன்னாயே, உனக்கு எப்படி மனசு வந்தது? புது விதை இல்லை என்று சொல்ல வெட்கமா? தங்கச்சிதானே, கேட்கவா போகிறாள் என்றா?

ஒரு சேதி கேள். மீந்த அந்தப் பழசைக் கொண்டுவந்தேன். ஈரத்துணியில் கொஞ்சம் முடிந்து பார்த்ததில் பாதிகூட முளைக்கவில்லை. மழை விழுந்ததும் மிச்சத்தை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, மண்ணில் ஈரம் இருக்கும்போதே தாராளமாகத் தூவினேன். இப்போது காடெல்லாம் பச்சை.

பூரணத்தக்கா வந்து பார்த்தாள். "ஏளா, எந்தக் கடை வெதை இது?"

"எங்கண்ணன் கடை வெதைதான்."

"அதான பாத்தேன். தங்கமான மனுசன்லா" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

அதுதான் அண்ணே பொறுக்கவில்லை. முளைக்காதபோது என் கை, முளைத்தால் உன் விதையா?

உன் வருஷத் திதிக்கு எல்லாரும் வருவார்கள். உனக்குப் பிடித்த உளுந்தங்களியை நானே கிண்டிப் படைப்பேன். அவர்கள் சாப்பிட்டு எழுமுன் நடந்ததை அத்தனை பேரிடமும் சொல்வேன். உன் பெயர் கெடும். அதை நினைத்தால் இப்போதே அழுகை வருகிறது. ஆனாலும் சொல்வேன். நீ உயிரோடு இருந்தபோது சொல்லியிருந்தால், நம் இரண்டு பேர் பெயரும் பிழைத்திருக்கும்.

இப்படிக்கு,
விதையை ஆழமாகப் போடாத உன் தங்கச்சி,
முத்துக்கனி