அடுப்புக்கு மேலே சட்டைகள்

நல்லேப்பிள்ளி,
20 ஏப்ரல் 2020

அன்புள்ள கத்தரீனாளுக்கு,

நலமாக இருக்கிறாயா? நேற்று போனில் நீ பேசியதில் பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டது. "சட்டை, சட்டை" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. என்ன சட்டை, யாருடைய சட்டை? தபால்காரர் மறுபடியும் வரத் தொடங்கிவிட்டார். அதனால் எழுதுகிறேன், நீயும் எழுது.

இங்கே சாலை முழுக்க வெயில் மட்டும் நடந்து போகிறது. பக்கத்து வீட்டுப் பழனிச்சாமி வாளையாரில் லாரிக்காரர்களுக்கு இளநீர் விற்பவர் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா? லாரி வந்தாலும் யாரும் இறங்குவதில்லையாம். "ஏனுங்க டீச்சர், ஓட்டுக்குள்ள இருக்கிற தண்ணிக்குள்ள எப்படிங்க வைரஸ் பூந்துக்கும்? எவனோ சொல்லிப்போட்டான், அல்லாரும் நம்பிப்போட்டாங்க" என்று என்னிடம் கேட்கிறார், நான்தான் சொல்லிவிட்டதுபோல.

பள்ளியில் பிள்ளைகளை வட்டமாகக் கைகோத்துச் சுற்றவிடுவேனே, நினைவிருக்கிறதா? ஒரு பிள்ளை கையை விட்டால் அதற்குப் பக்கத்தில் நிற்பது விழாது. எதிர்ப்புறத்தில் நிற்பதுதான் விழும். உன் டீக்கடையும் அப்படித்தான் எதிர்ப்புறத்தில் நிற்கிறதோ என்று பயமாக இருக்கிறது. சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய்?

அங்கே பள்ளியில் ஓய்வு பெற்ற அன்று வெயிலாக இருந்ததால் உன் கடை ஆணியில் என் நீலச் சுவெட்டரை மறந்துவிட்டு வந்தேன். எப்போதாவது யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பு. இந்த வெயிலில் அதற்கு வேலை இல்லை. ஆனாலும் சில நாளாக அதன் நினைவாகவே இருக்கிறது.

அன்புடன்,
சிவசங்கரி


உடும்பஞ்சோலை,
3 மே 2020

அன்பு டீச்சருக்கு,

இயேசுவுக்கே புகழ். உங்கள் கடிதத்தை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். கேட்பதற்கு அடுப்பைத் தவிர யாரும் இல்லை. அதற்கு உங்கள் உதாரணம் புரிந்தது.

போடியிலிருந்து ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு வரும் பெண்களின் சட்டைகளைத்தான் சொன்னேன். காலையில் கடையின் பின்னறைக்குள் போய்ச் சேலைக்கு மேல் புருஷன்மாருடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போவார்கள். சாயங்காலம் நனைந்த சட்டையை என் அடுப்புக்கு மேலே கொடியில் போட்டுவிட்டு ஊர் திரும்புவார்கள். மறுநாள் அவர்கள் வரும்போது அது காய்ந்து, கதகதப்பாக இருக்க வேண்டும். டீ எல்லாக் கடையிலும் கிடைக்கும், சூடான சட்டை என் கடையில் மட்டும்தான் கிடைக்கும் என்று மாரித்தாய் சொல்வாள்.

மார்ச்சில் அந்தச் சனிக்கிழமை அவள்தான் கடைசியாக ஜீப்பில் ஏறினாள். "நாளைக்கி ஒருநா ஊரடங்குதானாம்க்கா, திங்கக்கெழம வந்துருவோம். என் சட்டைய அடுப்புக்கு நேரா போடுங்க, போன தடவ ஈரமா இருந்துச்சு" என்று சண்டை போட்டுவிட்டுத்தான் போனாள்.

திங்கட்கிழமை வரவில்லை. போடிமெட்டு எல்லையில் வழியை அடைத்துவிட்டார்கள்.

அடுப்பை அணைத்தால் இந்த ஈரக்காற்றில் சட்டை பூசணம் பூத்துவிடும். அதனால் தினமும் பற்றவைக்கிறேன். ரேஷன் அரிசியும் சர்க்கார் மளிகைக் கிட்டும் வருகிறது, பட்டினி இல்லை. கட்டிடச் சொந்தக்காரர் ஜோஜோ வாடகை கேட்பதில்லை. ஆனால் வாசலில் நின்று, "கத்தரீனாள் சேச்சி, ஆளில்லாத கடையில தீ எதுக்கு?" என்று கேட்கிறார். வளைகுடாவில் ஓட்டல் வேலையில் இருந்த அவர் தம்பி டிஜோவுக்கு வேலை போய்விட்டது. திரும்பி வந்தால் இங்கே பேக்கரி போடுவானாம். ஓணத்துக்குள் நான் ஒரு முடிவு சொல்ல வேண்டும்.

விடியற்காலையில் ஒரு கனவு கண்டேன். ஜீப்புகள் சத்தமே இல்லாமல் மலையேறி வருகின்றன. ஒன்றிலும் ஆளில்லை. கொடியிலிருந்து சட்டைகள் தாமாக இறங்கி, வரிசையாக நடந்துபோய் ஏலச்செடிகளுக்குள் குனிகின்றன. நான் டீத் தட்டோடு பின்னால் ஓடுகிறேன். குடிக்க ஒருவருக்கும் வாய் இல்லை. விழித்தபோது சிரிப்பு வந்தது, பிறகு அழுதேன்.

உங்கள் சுவெட்டர் பத்திரமாக இருக்கிறது.

உங்கள்,
கத்தரீனாள்


நல்லேப்பிள்ளி,
14 மே 2020

அன்புள்ள கத்தரீனாள்,

உன் கனவு என்னோடு நடந்துகொண்டே இருக்கிறது. இன்று கொடியில் துணி உலர்த்தும்போது என் ரவிக்கையைப் பார்த்து, "டீ குடிக்கிறாயா?" என்று கேட்டுவிட்டேன்.

நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். என் வீட்டின் பின்னறை சும்மா கிடக்கிறது. உன் கணவர் சுவக்கீன் இறந்த பிறகு நீ தனியாக அந்த மலைச்சாலை வளைவில் காவல் இருக்கிறாய், நானும் இங்கே தனியாக இருக்கிறேன். இங்கே வந்துவிடு. உன் கைப்பக்குவத்துக்குப் பக்கத்துச் சித்தூரிலேயே சாப்பாட்டு ஆர்டர் கிடைக்கும். நடவின்போது பெருமழை பிடித்தால் பெண்கள் வரப்பில் ஏறி நிற்பார்கள். அதை யாராவது ஓடிப்போனார்கள் என்று சொல்வார்களா? சற்று ஏறி நிற்பது, அவ்வளவுதான்.

சட்டைகளைத் துவைத்து மூட்டை கட்டி, வழி திறந்ததும் உரியவர்களிடம் சேர்த்துவிடு. பிறகு மனதில் பாரம் இல்லாமல் புறப்படலாம்.

அன்புடன்,
சிவசங்கரி


உடும்பஞ்சோலை,
22 ஜூன் 2020

அன்பு டீச்சருக்கு,

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எழுதுகிறேன்.

போன வாரம் மழை கொஞ்சம் விட்டது. காற்றாடட்டும் என்று எல்லாச் சட்டைகளையும் கடைக்குப் பின்னால் கயிற்றில் போட்டேன். அதற்குள் பனிமூட்டமாய் மஞ்சு இறங்கிவிட்டது. சாலையில் போன யாருக்கோ மஞ்சுக்குள் ஆட்கள் வரிசையாக நிற்பதுபோலத் தெரிந்திருக்கிறது. தினமும் என் கடையில் புகை வருவதையும் ஊர் பார்த்துக்கொண்டிருந்ததே! காட்டுப்பாதை வழியாகப் போடி ஆட்கள் வந்து என் கடையில் ஒளிந்திருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

போலீஸ், சுகாதாரத்துறை ஆட்கள், நம்முடைய வார்டு மெம்பர் ஷிஜி என எல்லோரும் வந்தார்கள். ஷிஜி சாலைக்கு அந்தப் பக்கமே நின்று மைக்கில், "உள்ள இருக்கிறவங்க ஒவ்வொருத்தரா வெளிய வாங்க!" என்றாள். நான் வந்தேன்.

"மத்தவங்க எங்க சேச்சி?"

"மத்தவங்க பின்னால கயித்துல தொங்குறாங்க" என்றேன்.

டீச்சர், அந்தப் போலீஸ்காரர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினார். அந்த நேரம் பார்த்துக் காற்றடித்து, மாரித்தாயின் சட்டை கையை உயர்த்தி அவரை வா என்று கூப்பிட்டது. கடைசியில் ஷிஜிதான் முதலில் சிரித்தாள்.

ஆனால் பேச்சு நிற்கவில்லை. பார்சல் டீ வாங்கிக்கொண்டிருந்த உள்ளூர் ஆட்களும் இப்போது சாலையின் மறுபக்கமாக நடக்கிறார்கள். பால்காரர் பாலை வேலியில் மாட்டிவிட்டுப் போகிறார். காய்ச்சலே வராத கடைக்குக் காய்ச்சல் கடை என்று பேராகிவிட்டது. ஏலக்காய் பறிக்கும் காலம் வந்துவிட்டது, பறிக்க ஆளில்லை. சில தோட்டக்காரர்கள் வடக்கத்தி ஆட்களைக் கூட்டிவந்து தோட்டத்து லயன் வீடுகளிலேயே தங்கவைக்கப் போகிறார்களாம். பிறகு ஜீப் எதற்கு வரும்?

களைத்துவிட்டேன். நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். சட்டைகளைச் சேர்த்துவிட்டு, சாவியை ஜோஜோவிடம் கொடுத்துவிட்டு, உங்களிடம் வந்துவிடுகிறேன்.

உங்கள்,
கத்தரீனாள்


நல்லேப்பிள்ளி,
6 ஜூலை 2020

அன்புள்ள கத்தரீனாள்,

உன் கடிதம் வந்த அன்றே பின்னறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டேன். பழனிச்சாமிதான் அடித்தார். "யாருங்க வர்றாங்க? மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களா?" என்று கேலி வேறு. கிழக்குப் பார்த்து ஓர் அடுப்பும் போட்டிருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் வயல். நாற்று அசையும்போது அறையே மெல்ல மிதப்பதுபோல இருக்கிறது. நீயும் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வரும்போது என் சுவெட்டரை மறக்காதே.

உன் வரவை எதிர்பார்க்கும்,
சிவசங்கரி


உடும்பஞ்சோலை,
7 செப்டம்பர் 2020

அன்பு டீச்சருக்கு,

இந்தக் கடிதத்தை எழுத நாளாகிவிட்டது. கோபிக்காமல் கடைசி வரை படியுங்கள்.

ஓணத்துக்கு முந்தைய வாரம் சட்டைகளைத் துவைத்து, அடுப்பில் காட்டி, மடித்து மூட்டை கட்டினேன். உங்கள் சுவெட்டரையும் அதில்தான் வைத்தேன். போடிமெட்டில் சட்டைகளைக் கொடுத்துத் திரும்பியதும் கடையை ஒப்படைத்துவிட்டு நேராக உங்களிடம் வருவதாக எண்ணம். ஜோஜோ தன் ஜீப்பில் போடிமெட்டுக்குக் கூட்டிப்போனார். பெண்களை ஏற்றிவரும் ஜீப்பை ஓட்டும் நல்லதம்பி அந்தப் பக்கம் சொல்லியிருந்ததால் போடிப் பெண்களும் மேலேறி வந்திருந்தார்கள். நடுவில் செக்போஸ்ட் கம்பு. எல்லோர் வாயும் மாஸ்க்கால் மூடியிருந்தது, கண்கள் மட்டும்தான் தெரிந்தன. மஞ்சில் யார் யாரென்று தெரியவில்லை. சட்டையை விரித்துக் காட்டியபோதுதான் ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள்.

முதலில் பேச்சித்தாய். கையை நீட்டியவள் சடாரென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"ஏன்க்கா, சட்டையக் கையில குடுக்கீங்க? வேலைக்கு வர வேணாம்னு சொல்லுதீகளா?"

"இல்லடி, ஒங்க பொருள் ஒங்ககிட்ட இருக்கட்டும்னு..."

"எங்க பொருள் எங்க இருக்கணுமோ அங்க இருக்கட்டும். கொண்டுபோயி கொடியில போடுங்க. சட்டை வீட்டுக்கு வந்துட்டா அப்புறம் மனுசி மலையேற மாட்டா." அதற்குள் மூட்டையில் இருந்த நீல நிறத்தைப் பார்த்துவிட்டாள். "அது டீச்சரோடதுல்ல? அவுகளும் வரமாட்டாகளா?"

சுவெட்டரை மூட்டைக்குள் ஆழமாகத் தள்ளினேன். மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்திகூட வாங்கவில்லை.

கடைசியில் ஒரு சின்னப் பெண் வந்தாள். மாரித்தாயின் மகள் இந்து. ஆடி மாதம் காய்ச்சலில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். பிறகு முகத்தைக்கூடக் காட்டவில்லையாம். எனக்கு அதுவரை தெரியாது, டீச்சர். அவள் சட்டைக்காகவும்தான் தினமும் தீ மூட்டிக்கொண்டிருந்தேன். இந்து அதை வாங்கி முகத்தில் வைத்து, "ஏலக்கா வாசம் அடிக்கு" என்றாள். அந்தச் சட்டை மட்டும்தான் கம்பைத் தாண்டிப் போனது.

மீதியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடியில் போட்டுவிட்டேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜோஜோ, "சேச்சி, முன்பக்கம் டிஜோவுக்கு. அடுப்பும் பின்னறையும் உங்களுக்கு. பேக்கரிக்கு டீ வேணுமே" என்றார். இனி முதலாளி என்று யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். பின்னால் நின்று டீ ஆற்றிக் கொடுக்கப் போகிறேன். எத்தனை பேர் திரும்பி வருவார்கள், வந்தாலும் தோட்டத்தில் வேலை இருக்குமா, ஒன்றும் தெரியாது. ஆனால் அவர்கள் வரும் நாளில் சட்டை ஈரமாக இருக்கக் கூடாது.

வெள்ளையடித்து, அடுப்புப் போட்டு, எனக்காகக் காத்திருந்தீர்கள். அதை நினைத்தால் உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. சுவெட்டரைத் தபாலில் அனுப்பிவிடட்டுமா?

என்றும் உங்கள்,
கத்தரீனாள்


நல்லேப்பிள்ளி,
29 செப்டம்பர் 2020

அன்புள்ள கத்தரீனாள்,

உன் கடிதத்தைப் படித்ததும் உன்மேல் வருத்தம்தான் வந்தது. பதில் எழுதாமலே இருந்தேன். பின்னறைக் கதவைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன். நேற்று பழனிச்சாமி, வாளையாரில் விற்காமல் திரும்பிய இளநீரை அங்கே அடுக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். சரி என்றேன். அறை இப்போது பச்சையாக இருக்கிறது.

மாரித்தாய் என்னிடமும் ஒருமுறை சண்டை போட்டிருக்கிறாள், என் சுவெட்டர் அவள் இடத்தை அடைக்கிறது என்று. அவள் சட்டை இருந்த இடத்தில் வேறு எதையும் போடாதே.

பஸ் ஓடத் தொடங்கட்டும். மார்கழியில் அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சுவெட்டரை அனுப்பாதே.

அன்புடன்,
சிவசங்கரி