ஒன்பது தொட்டிகளும் ஒற்றுமைக் குழாயும்

மார்ச் 3
இன்று எனக்கு எழுபத்தெட்டு வயது, நான்கு மாதம், ஒரு நாள். இந்த வயதில், சுவரில் துளை போட அனுமதி கேட்டு ஒருவர் வந்து நிற்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் மாடியின் ஒன்பது வீடுகளிலும் மீன்தொட்டி உண்டு. யாரும் யாரோடும் பேசுவதில்லை. இதற்குக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கண்ட தீர்வு: லிஃப்ட் அருகே ஒரு பெரிய தொட்டி வைத்து, அதனோடு எல்லாத் தொட்டிகளையும் குழாயால் இணைப்பது. "மீன் பழகினா மனுஷனும் பழகிடுவான்" என்றார். பெயர், ஒற்றுமைத் திட்டம்.

மார்ச் 5
கூட்டம். குளம் குட்டைகளின் உயிர்களை ஆராய்ந்தே ஓய்வு பெற்றவள் என்ற முறையில் பேசினேன். தனித்துக் கிடக்கும் நீர்நிலையில் ஓர் இனம் அழிந்தால் அழிந்ததுதான். மெல்லிய தொடர்பு இருந்தால் அக்கம்பக்கத்திலிருந்து மீண்டும் வந்து சேரும். எல்லாம் ஒரே மையத்தோடு அகலமாக இணைந்தாலோ, மையத்தில் வலுத்தது எங்கும் பரவும். ஒன்பது தொட்டியும் ஒரே தொட்டியாகிவிடும். ஆகவே வீட்டுக்கு வீடு, சங்கிலிபோல, விரல் கனக் குழாய் போதும் என்றேன்.
"மேடம், இது குளமில்ல, அபார்ட்மென்ட்" என்றார் செயலாளர். கைதட்டினார்கள்.
என் தொட்டியில் இருப்பவை நகமளவு மீன்கள், நத்தைகள், கண்ணாடி இறால்கள். ஒரு பெரிய வாய்க்கு ஒரு வேளைத் தீனி.

மார்ச் 9
பேரம் படிந்தது. எனக்கு மட்டும் விரல் கனக் குழாய்; மற்ற எட்டு வீட்டுக்கும் தொடை கனம். "முதியோர் சலுகை" என்று தீர்மானம் போட்டார்கள். அவமானம்தான். ஆனால் கனம் சரி.

மார்ச் 20
திறப்பு விழா. ரிப்பன்கூட உண்டு. மையத் தொட்டியில் முழங்கை நீளத்துக் கறுப்பு மீன் ஒன்றைச் செயலாளர் விட்டார். பெயர் தலைவர். வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. பேச்சாளர்களில் அதுதான் சுருக்கமாகப் பேசியது.

ஏப்ரல் 2
பக்கத்து வீட்டுப் பல் மருத்துவர் கதவைத் தட்டினாள்.
"எங்க மஞ்ச மீனு இங்க வந்துச்சா மேடம்?"
"வரலையே."
"மூணாம் வீட்டுலயும் இல்லைங்கறாங்க. அந்தாளு முழியே சரியில்ல."
ஒற்றுமை வளர்கிறது. இதுவரை அவர்கள் சண்டைகூடப் போட்டதில்லை.

ஏப்ரல் 11
தலைவர் முறைவைத்து வீடு வீடாகப் போகிறார். வருகையின்போது விளக்கணைத்து ஒத்துழைக்குமாறு அறிவிப்பு. பல் மருத்துவர் ஒத்துழைக்கவில்லை. டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்திருக்கிறாள். "ரெண்டு வரிசைப் பல்லு மேடம். ஒரு சொத்தை இல்ல!"

ஏப்ரல் 19
மற்ற எட்டு வீடுகளிலும் ஒரு மீன்கூட இல்லை. எங்கும் ஒரே பாசி, ஒரே பச்சை.

ஏப்ரல் 22
தலைவர் பட்டினியாம். என் குழாய் வாயில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறாராம். ஆகவே என் குழாயை அகலப்படுத்தச் சங்கம் தீர்மானித்துவிட்டது. நாளை பிளம்பர் வருகிறார். பல் மருத்துவரே சொல்கிறாள்: "பாவம் மேடம், வாயில்லா ஜீவன்." வாயில்லையா? அந்த வாயில் பல்வரிசையை எண்ணிப் பார்த்தவளே இவள்தானே! எட்டு வீட்டையும் தின்று தீர்த்ததற்கு என் வீடு பந்தி போடணுமா? நான் சுயநலக்காரியாம். இருந்துட்டுப் போறேன். மாட்டேன்னா மாட்டேன்.

ஏப்ரல் 23
காலையிலேயே தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பிளம்பர் வந்தார், என் முகத்தைப் பார்த்தார், டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். பிறகு செயலாளர் தனியாக வந்தார். குனிந்து தொட்டியை வெகுநேரம் பார்த்தார். ஓர் இறால் நத்தை மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.
"இவ்வளவு இருக்கா இதுக்குள்ள?"
"இருக்கு. நாளைக்கு இருக்காது."
போகும் வழியில் பிளம்பரைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஏப்ரல் 25
தலைவரைக் கடையில் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. மையத் தொட்டியையும் எடுத்துவிட்டார்கள்.

ஜூன் 14
வீட்டுக்கு வீடு விரல் கனக் குழாய் போட்டு ஒரு மாதமாகிறது. பல் மருத்துவர் தொட்டியில் என் நகமீன்கள் குஞ்சு பொரித்திருக்கின்றன. மூன்றாம் வீட்டுக்காரர் பார்க்க வந்தாராம். மன்னிப்புக் கேட்கவில்லை, காபி குடித்திருக்கிறார்.
கோடிவீட்டுச் செயலாளரின் தொட்டிக்கு முதலாவது இறால் நேற்றுப் போய்ச் சேர்ந்தது. கையில் டார்ச்சோடு வந்து சொன்னார்: "நீ சொன்னதை அன்னைக்கே கேட்டிருக்கலாம்."
"உங்களுக்கு அந்தப் பழக்கம் எப்பவுமே கிடையாது."
என்னோடு உட்கார்ந்திருந்த பல் மருத்துவர் விழித்தாள். அவள் விழிப்பது நியாயம். இந்தச் செயலாளர் பதினோரு வருடம் என் கணவராக இருந்தவர். பிரிந்தபின் தனித்தனியாகத் தேடி அலைந்து, ஒரே மாடியின் இரு கோடிகளில் வீடு வாங்கித் தொலைத்தோம். யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் இருவருமே வாய் திறக்கவில்லை; நானும் இங்கேகூட எழுதியதில்லை.