உள்ளே யார் இருந்தாலும்

மார்ச் 3, செவ்வாய்

இதில் எழுதப்போவதை யாரும் நம்பமாட்டார்கள். நாளைக்கு எடுத்துப் படித்தால் நானே நம்புவேனா என்பது சந்தேகம். இருந்தாலும் உண்மையைத் தவிர வேறொன்றும் எழுதுவதில்லை என்று, காலையில் விழுங்கிய பல்வலி மாத்திரையின் மேல் ஆணையிட்டுத் தொடங்குகிறேன்.

அக்கா மகளுக்கு இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி கல்யாணம். நான் அவளுக்கு வைத்த பெயர் மேனேஜர். பேருந்துப் பணிமனையில் ஒரு படை மெக்கானிக்குகளை மேய்க்கிறவள். அவள் இருமினால் பழுதாகி நிற்கிற பஸ் தானாகக் கிளம்பும். அப்பேர்ப்பட்டவள் அம்மாவின் முன்னால் மட்டும் நனைந்த பூனை.

கல்யாணக் கவுன் எடுக்கத் துணைக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். உலகத்தில் இத்தனை பேர் இருக்க என்னை ஏன்? கார் என்னிடம்தான் இருக்கிறது.

மார்ச் 7, சனி

கடையில் மேனேஜர் போட்டுப் பார்த்த கவுன்களை அடுக்கினால் மூன்று மாடி வரும். ஒவ்வொன்றுக்கும் அக்கா "எப்படி இருக்கு?" என்பாள். "நல்லா இருக்கும்மா" என்பாள் இவள். ஒரே குரல், ஒரே சிரிப்பு. பல் மருத்துவரிடம் "வலிக்குதா?" என்றால் "இல்லை" என்பார்களே, அந்தக் குரல்.

கடைசியில் அக்காவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். சாதாரணக் கவுன் அல்ல. எடை ஒரு எருமை. அதன் வால் கடையைத் தாண்டி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கச் சலூனில் ஒருவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்த நாற்காலியைச் சுற்றிக்கொண்டு நின்றது. கற்கள் மின்னியதில் இரண்டு சைக்கிள்காரர்கள் மோதிக்கொண்டார்கள்.

"நான்தான் ஆபீஸ் போற துணியோடயே கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் முடிச்சேன். இவளாவது ஜொலிக்கட்டும்," என்றாள் அக்கா.

அக்காவை வீட்டில் இறக்கிவிட்ட பிறகு மேனேஜர் காரில் சொன்னாள்: "எனக்கு எது பிடிக்கும்னு எனக்கே தெரியல மாமா. கண்ணாடியில பாத்தா கழுத்துக்கு மேலதான் என்னுது."

மார்ச் 8, ஞாயிறு

மேனேஜரைப் பற்றி யோசித்தேன். தலைவலி வந்தது. யோசிப்பது எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.

மார்ச் 14, சனி

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இன்று அந்தக் கவுனை முடிவு செய்யும் நாள். சரி என்றால் உடனே இவள் அளவுக்கு வெட்டிவிடுவார்கள். அப்புறம் யார் காலில் விழுந்தாலும் திரும்ப எடுக்கமாட்டார்கள்.

அக்கா செருப்பு பார்க்கப் பக்கத்துக் கடைக்குப் போனாள். மேனேஜர் என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, எனக்காக ஒண்ணு செய்வீங்களா?"

"உயிரையே கொடுப்பேன்."

"அது வேணாம். இந்தக் கவுனைப் போட்டு நடந்து காட்டுங்க. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே உயரம், ஒரே தோள். எப்படி இருக்குன்னு நான் வெளியில நின்னு பாக்கணும்."

உயிரையே தருகிறேன் என்றவன் தோளைத் தர மறுக்க முடியுமா? கடைக்காரம்மா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. முதுகில் மூட மறுத்த இடத்தைக் கிளிப்புகளால் இழுத்துப் பிடித்து, அதை மறைக்கத் தலையிலிருந்து இடுப்பு வரை வலைத்துணியைத் தொங்கவிட்டார். "மூச்சு மட்டும் பாத்து விடுங்க சார்," என்றார்.

நடந்தேன். கடையே பார்த்தது. என்னை அல்ல, கவுனை. ஒரு பெண்மணி குனிந்து, "கல்லெல்லாம் கையாலே வெச்சுத் தெச்சதா?" என்று என் இடுப்பிடம் கேட்டார். என் மீசை வரைக்கும் யாரும் வந்து சேரவில்லை.

அப்போது முதுகுக்குப் பின்னால் அக்காவின் குரல். "என் தங்கமே, ராணி மாதிரி இருக்கடி. இப்படிப் பாக்கத்தானே காத்துக்கிட்டிருந்தேன்." விசும்பல் வேறு.

நான் என்ன செய்வேன்? திரும்பினேன்.

"டேய்," என்றாள் அக்கா.

"நல்லா இருக்குக்கா," என்றேன். வேறென்ன சொல்ல?

மேனேஜர் தூணருகிலிருந்து வந்தாள். "உள்ள யார் இருந்தாலும் இது இப்படித்தாம்மா இருக்கும். எனக்கு இது வேணாம்." எனக்குத் தெரிந்து அம்மாவிடம் அவள் சொன்ன முதல் வேணாம்.

"அப்ப எதுதான் வேணும்?"

"பாத்தா நான்னு தெரியணும். அது இப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

அக்கா செருப்புப் பெட்டியை என் கையில் திணித்துவிட்டு வெளியே போனாள். செருப்பு எனக்குச் சேரவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

அக்கா பேசவில்லை. கிளிப்பு கடித்த தடம் மட்டும் பேசுகிறது.

மார்ச் 18, புதன்

அக்கா போன் செய்தாள். "டேய், உன் முதுகைப் பாத்து அழுதேனே, அத யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத."

"சத்தியமா இல்லக்கா." ஊரில் பாதிப் பேருக்குத்தான் சொல்லியிருந்தேன்.

பிறகு அவளே கேட்டாள்: "எது கேட்டாலும் நல்லா இருக்குன்னே சொல்றாளேடா. சின்னதுலேர்ந்தேவா?"

"சின்னதுலேர்ந்தேதான்."

மார்ச் 21, சனி

அம்மாவும் மகளும் மட்டும் கடைக்குப் போனார்கள். எனக்குத் தடை. கார் மட்டும் போயிற்று.

மாலையில் மேனேஜர் போனில் சொன்னது: "வெள்ளை. சட்டைக் காலர். முழங்கை வரைக்கும் கை. வாலெல்லாம் இல்ல, கணுக்காலோட நின்னுடுது. உக்காந்து பாத்தேன், பஸ்ஸுக்கு அடியில பாக்கற மாதிரி குனிஞ்சும் பாத்தேன். ரெண்டு பாக்கெட் இருக்கு மாமா." பாக்கெட் என்னும்போது குரல் குதித்தது.

"உங்கம்மா என்ன சொன்னா?"

"பாக்கெட்ல கைய விட்டுப் பாத்தாங்க."

மார்ச் 28, சனி

கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை உட்பட எல்லாரும் நலம்.

விருந்தினர் வருவதற்கு முன்னால் மேனேஜர் கூடத்து ஜன்னலோரம் நின்றிருந்தாள், முதுகு எங்கள் பக்கம், கைகள் பாக்கெட்டில். அக்கா வாசலிலிருந்து அந்த முதுகைப் பார்த்தாள். வாயைத் திறக்கப் போனாள். திறக்கவில்லை. நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய், முகத்தைப் பார்த்தாள்.

"என்னம்மா?"

"நீதானான்னு பாத்தேன்."

"நான்தாம்மா."

அதற்குப் பிறகுதான் அழுதாள்.

எருமை எடை, சலூன் வரை போன வால், இருமினால் கிளம்பும் பஸ், எல்லாவற்றையும் வாபஸ் வாங்குகிறேன். மாத்திரை மேல் இட்ட ஆணையும் செல்லாது. எனக்குப் பல்வலியே இல்லை. அக்கா நாற்காலிகளைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனாளே, அது மட்டும் நடந்தது.