கல்வெட்டில் இல்லாத மருமகன்

என்னைத் தனியே விட்டுப் போன சிவா அண்ணை,

நேற்று உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தது. ட்வெய்ட்டாவில் மண்டபம் நிறைந்திருந்தது. உங்கள் கவிதைக் கூட்டங்களுக்கு ஒருநாளும் வராதவர்கள் எல்லோரும் வடை பாயாசத்துக்கு வந்திருந்தார்கள்.

உங்கள் நினைவாகக் கொடுத்த கல்வெட்டுப் புத்தகத்தை நான்தான் தொகுத்தேன். கறுப்பு அமெரிக்கக் கவிஞர்களிடமிருந்து நீங்கள் தமிழாக்கிய கவிதைகள் அதில் இருக்கின்றன. புருசெத்தில் உங்கள் சமையலறை மேசையில், நான் ஆங்கிலத்தை வாசிக்க நீங்கள் எழுதியவை. அந்த நாட்களில் இந்த வெள்ளைக்கார நாட்டில் என் வேலை விண்ணப்பங்களை என் தமிழ்ப் பெயருக்கு அப்பால் ஒருவரும் வாசிக்கவில்லை. பட்டம் பெற்ற நான் பள்ளிக்கூடத் தரை துடைத்தேன். "அடிமையா விக்கப்பட்ட சனத்தின்ரை பேரப்பிள்ளையள் எழுதினது, தம்பி. நம்பிக்கை அவையளுக்கு அலங்காரமில்லை, சாப்பாடு" என்பீர்கள். அதைச் சாப்பிட்டுத்தான் நானும் உயிர் வாழ்ந்தேன். இப்போது அது தொண்டையில் நிற்கிறது.

குடும்பத்தவரின் பெயர்களைக் கேட்டபோது உங்கள் கூடப்பிறந்த தம்பி ஒரு தாளைத் தந்தார். ஆஸ்பத்திரியில் நீங்களே எழுதி வைத்தது. மூத்த மருமகன் இருந்தார். பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். இளைய மகள் துளசி இருந்தாள். அவள் கணவன் லாமினின் பெயர் இல்லை. காம்பியாவில் பிறந்த கறுப்பினத்தவன். நீங்கள் நடக்க முடியாமல் போனபின் உங்களைத் தூக்கிக் குளிப்பாட்டியவன். மறந்துவிட்டீர்களா, அண்ணை? அந்தக் கைகளை மறக்க முடியுமா?

"லாமினையும் போட வேணும்" என்றேன்.

"அண்ணை எழுதாததை நாங்கள் என்னெண்டு போடுறது? நாலு பேர் பாக்கிற புத்தகம்" என்றார் உங்கள் தம்பி.

"கவிதையிலை கறுப்பர் வரலாம், குடும்பத்திலை வரக்கூடாதோ?"

"ஐசே, உம்மடை மகளுக்கு ஒரு கறுவலைப் பாத்துக் கட்டிக் குடுமன். அப்ப கதைப்பம்."

என் மகளை நினைத்தேன். தாளில் இருந்தபடியே அச்சுக்கு அனுப்பினேன்.

நேற்று வாசலில் வேட்டி கட்டிக்கொண்டு நின்று அந்தப் புத்தகத்தை எல்லோருக்கும் கொடுத்தது லாமின்தான். "மாமாவின்ரை புத்தகம், எடுங்கோ அன்ரி." துளசி சொல்லிக்கொடுத்த பேச்சுத் தமிழ்; எழுத்து அவனுக்குத் தெரியாது. பிறகு ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"இதிலை என்ரை பேர் எது, அங்கிள்?"

என் விரல் மூத்த மருமகனின் பெயரில் போய் நின்றது. அவன் சிரித்தான். கைப்பேசியில் அந்த வரியைப் படம்பிடித்துத் தன் தாய்க்கு அனுப்பினான். பக்கத்தில் நின்ற துளசிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். அவள் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

இத்தனை வருடம் அந்த மேசையில் யாருக்காக விடிவு கேட்டோம், அண்ணை? நமக்கு மட்டுமா? நம்மைவிடக் கறுப்பானவன் வீட்டுக்குள் வரும்வரைதானா அந்தக் கவிதைகள்? வெள்ளைக்காரனிடம் எனக்குக் கோபம் இருக்கிறது. அதை வைத்துக்கொள்ளும் தகுதியையும் நேற்று இழந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போவேன். அந்தப் பக்கத்தைத் திறந்து, இது உன் பெயர் இல்லை என்று லாமினிடம் சொல்வேன். தாளில் இருந்தது உங்கள் கையெழுத்து என்பதையும் மறைக்க மாட்டேன், பொய் சொன்னது என் விரல் என்பதையும் மறைக்க மாட்டேன். அவன் கதவைச் சாத்தினால் அது நியாயம். அதற்குப் பிறகும் நம்பிக்கை மிஞ்சும் என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். என்னால் சொல்ல முடியாது. போவேன், அவ்வளவுதான்.

உங்கள் கையெழுத்தை நம்பி வளர்ந்த தம்பி,
குகன்