பாதிக் கட்டணக் கப்பல்

உ
அர்த்தநாரீசுவரர் துணை

பினாங்கு,
10-5-1961

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணனுக்கு,

தங்கை சுப்பம்மாள் வணங்கி எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் பெண் கமலவேணியும் சுகம். குமாரபாளையத்தில் நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். ஜவுளிக்கடை எப்படி நடக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டால் "மந்தம்" என்றுதான் எழுதுவீர்கள்.

ஒரு சந்தோஷச் செய்தி. கமலவேணிக்கு இடம் கூடிவிட்டது. பையன் சுங்கைப்பட்டாணியில் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியார். பூர்வீகம் ராசிபுரம், நம்மவர்கள்தான். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் வைத்திருக்கிறோம். நீங்கள் வந்தாக வேண்டும். தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டாமல் நம் வீட்டுப் பெண் எவளும் மணவறையில் உட்கார்ந்ததில்லை. அவளுக்குத் தாய்மாமன் நீங்கள் ஒருவர்தான். அவள் உங்களைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

கல்யாண வீட்டில் குறை சொல்லக்கூடாது. ஆனாலும் சொல்கிறேன். நாகப்பட்டினத்தில் என்னைக் கப்பல் ஏற்றிவிட்டபோது, "வருசம் தவறாம வந்து பாக்கறேன் சாமி" என்றீர்கள். ஜப்பான்காரன் சண்டை முடிகிறவரை கப்பலே ஓடவில்லை, சரி. அதற்குப் பிறகு வருஷா வருஷம் ஒரே பதில்தான்: கட்டணம் குறையட்டும். இந்தத் தடவை அந்தப் பதில் வேண்டாம்.

வரும்போது தலைக்குத் தேய்க்க அரப்புத்தூள் கொஞ்சமும், சந்தகை பிழிய ஒரு சந்தகை உரலும் கொண்டுவாருங்கள். இங்கே சீனன் கடையில் எல்லாம் கிடைக்கிறது, சந்தகை உரல் மட்டும் கிடைக்கவில்லை. இடியாப்ப அச்சில் பிழிந்தால் நம் ஊர்ச் சந்தகை ஆகுமா?

உங்கள் அன்புத் தங்கை,
சுப்பம்மாள்

*

குமாரபாளையம்,
24-5-1961

அன்புத் தங்கை சுப்புவுக்கு,

அண்ணன் குழந்தைவேல் ஆசியுடன் எழுதுவது. உன் கடிதத்தை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். மறுபடியும் படிக்கச் சொன்னாள். அப்புறம் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் அடுக்களை மாடத்தில் வைத்துவிட்டாள். எழுத்துத் தெரியாத முத்தாயம்மாளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்டேன். "எம்பட நாத்தனா ஊட்டுக் கல்யாணக் காயிதமுங்க, எங்கிட்ட இருக்கட்டும்" என்கிறாள்.

வருகிறேன் சாமி. நான் வராமல் யார் வருவது? பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. கூறைச்சேலை நாளைக்குத் தறியில் ஏறுகிறது. அரக்கு உடலும் மாம்பழ மஞ்சள் கரையும். கரையில் சரிகை தூக்கலாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பினாங்கில் இருக்கிற பெண்டுகள் எல்லாரும் ஒரு தரம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இப்போது நீ சிரிக்கப் போகிறாய். நான் இத்தனை வருஷமாகக் காத்திருந்தது வீண்போகவில்லை. போன வாரம் பேப்பரில் ஒரு கப்பல் கம்பெனி விளம்பரம் போட்டிருக்கிறது. "பினாங்குக்குப் பாதிக் கட்டணம், இந்தப் பருவத்துக்கு மட்டும்" என்று கொட்டை எழுத்தில். பழைய கட்டணத்தின் மேல் கோடு இழுத்து, அதன் கீழே புதுக் கட்டணம். அதைக் கத்தரித்துக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். கப்பல் ஆடிக் கடைசியில் புறப்படுகிறது. கடையில் ஆடித் தள்ளுபடியும் முடிந்திருக்கும், முகூர்த்தத்துக்கு முன்னால் வந்தும் சேர்ந்துவிடலாம். ஒருவர் போகிற பணத்தில் இரண்டு பேர் போகலாம் என்பதால் உன் அண்ணியையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். சேலத்து ஏஜெண்டிடம் அச்சாரமும் கொடுத்துவிட்டேன்.

பார்த்தாயா, பொறுத்தால் கிடைக்கிறது.

உன் வீட்டுக்காரர் மருதாசலம் மாப்பிள்ளைக்கும் கமலவேணிக்கும் என் ஆசி.

அண்ணன்,
குழந்தைவேல்

*

பினாங்கு,
9-6-1961

அன்புள்ள அண்ணனுக்கு,

நீங்கள் வருகிறேன் என்று எழுதியதைப் படித்துக் கமலவேணி வீட்டையே இரண்டாக்கிவிட்டாள். அண்ணியும் வருகிறாள் என்றதும் நானும் அவளோடு சேர்ந்துகொண்டேன். மாமாவுக்கு என்ன பிடிக்கும், காப்பியா டீயா என்று அவளுக்கு ஓயாத கேள்வி. இனாமாகக் கொடுத்தால் எதுவானாலும் குடிப்பார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அந்தப் பாதிக் கட்டணம் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. உங்கள் மாப்பிள்ளையைத் துறைமுக ஆபீசுக்கு அனுப்பி விசாரிக்கச் சொன்னேன். அங்கே குமாஸ்தாவாக இருப்பவர் நம் பக்கத்துக்காரர். கேட்டதும் சிரித்தாராம். "அவிய கோடு போட்டு அடிச்சிருக்கற கட்டணத்த இதுவரைக்கும் யாருமே குடுத்ததில்லீங்க. அடிக்கறதுக்குன்னே அச்சுப் போட்டதுங்க அது" என்றாராம். சாப்பாட்டுக்குத் தனி, படுக்கைக்குத் தனி, மூட்டைக்குத் தனி. எல்லாம் சேர்த்தால் மற்ற கப்பலில் கேட்கிற கட்டணத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அதைவிட முக்கியமானது, சரக்கு நிறைந்தால்தான் அந்தக் கப்பல் புறப்படும். விளம்பரத்தில் போட்டிருக்கும் தேதி உத்தேசம்தானாம்.

அண்ணா, எனக்கு நம் கடைச் சிவப்பு மை ஞாபகம் வந்துவிட்டது. ஆனிக் கடைசியில் நீங்கள் சொல்லச் சொல்ல விலைச்சீட்டு எழுதியது நான்தானே? சித்திரை விலைக்கு மேல் கூட்டி எழுதச் சொல்வீர்கள். பிறகு சிவப்பு மையால் அதை அடித்து, கீழே பழையபடி சித்திரை விலையையே எழுதச் சொல்வீர்கள். அதற்குத்தான் பவானியிலிருந்து பாலம் தாண்டி அவ்வளவு கூட்டம் வரும். அந்தச் சீட்டை யாரோ கப்பலுக்கு ஒட்டி உங்களுக்கே விற்றிருக்கிறார்கள்.

அச்சாரம் போனால் போகட்டும். ஆடி நடுவில் வழக்கமான கப்பல் ஒன்று வருகிறது. அதில் வந்துவிடுங்கள். முன்னதாக வந்து நாலு நாள் என் கையால் சாப்பிட்டால் கடை முழுகிவிடாது.

உங்கள் அன்புத் தங்கை,
சுப்பம்மாள்

*

குமாரபாளையம்,
24-6-1961

தங்கை சுப்பம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. விலை என்றால் என்ன என்று எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறாய். இந்தக் கல்லாவில் நான் எத்தனை காலமாக உட்கார்ந்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். என்னிடம் சரக்குத் தள்ளிவிட்டுப் போனவன் எவனும் இல்லை.

நம் கடைத் தள்ளுபடி வேறு, இது வேறு. நம்முடையது ஊர் வழக்கம். வாங்குகிறவர்களுக்கும் தெரியும், விற்கிறவனுக்கும் தெரியும். அதுவோ பெரிய கம்பெனி. ஊரறிய அச்சடித்துப் பொய் சொல்வானா? உன் குமாஸ்தா வேறு கம்பெனிக்கு ஆள் பிடிக்கிறவனாக இருப்பான்.

ஆடியில் நான் கடையை விட்டு நகர முடியாது. வருஷத்துச் சாப்பாடு அந்த ஒரு மாதத்தில்தான். கொடுத்த அச்சாரத்தைப் போனால் போகட்டும் என்று சுலபமாக எழுதிவிட்டாய். மலாயா வெள்ளியில் செலவு செய்கிறவர்களுக்கு நம் ரூபாயின் அருமை எப்படித் தெரியும்?

சொன்ன கப்பலில் வருவேன்.

குழந்தைவேல்

*

பினாங்கு,
8-7-1961

அண்ணனுக்கு,

ஆசி என்று ஒரு சொல் இல்லாமல் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. மடித்து வைத்துவிட்டேன்.

இனி வற்புறுத்த மாட்டேன். பையன் வீட்டார், தாய்மாமன் வர முடியாவிட்டால் முறைக்கு வேறு ஒருவரை நிறுத்தலாம் என்கிறார்கள். பக்கத்துத் தெருவில் தீர்த்தகிரி என்று ஒரு ஈரோட்டுக்காரர் இருக்கிறார். நல்ல மனிதர். "தங்கச்சி, நீ கலங்காத, நான் நிக்கறேன்" என்றார். ஆவணி பிறந்ததும் அவரிடம் முடிவாகச் சொல்லிவிடுவேன். பட்டத்தை யார் கட்டினாலும் கல்யாணம் நடக்கும்.

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். இவ்வளவு வருஷம் எழுதாமல் வைத்திருந்தது. அம்மா படுக்கையில் விழுந்தபோது உடனே புறப்படுகிறேன் என்று எழுதினேன். "மார்கழியில் கட்டணம் குறையும், பொறுத்து வா" என்று பதில் போட்டீர்கள். நான் பொறுத்தேன். அம்மாவால் பொறுக்க முடியவில்லை. கார்த்திகையில் தந்தி வந்தது. அந்த மார்கழியில் கட்டணம் குறைந்ததா என்று கூட நான் விசாரிக்கவில்லை.

நீங்கள் என் மேல் உயிராக இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்களும் நானும் சேர்ந்து எதை மிச்சம் பிடித்தோம் என்பதுதான் தெரியவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

சுப்பம்மாள்

*

கப்பலில்,
4-8-1961

என் சுப்புவுக்கு,

அண்ணன் ஆயிரம் ஆசியுடன் எழுதுவது. போன கடிதத்தில் விட்டதையும் இதில் சேர்த்துக்கொள்.

மேலே கப்பலில் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பாய். நாகப்பட்டினம் தாண்டியாயிற்று. நேற்று ஆடிப் பெருக்கு. ஊரில் காவிரிப் படித்துறையில் கூட்டம் நெரிந்திருக்கும். நான் இங்கே தலைசுற்றலோடு ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு படுத்திருந்தேன்.

உன் கடிதம் ஆடி முதல் நாள் வந்தது. கடையில் கால் வைக்க இடமில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே பிரித்துப் படித்தேன். அம்மாவைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் நிற்கிறேன், அப்போது ஒரு பவானிக்காரப் பெண் ஒரு சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, சித்திரையிலயும் இதே வெலதானுங்களே, எதுக்குங்க இந்தச் செகப்புக் கோடு?" என்று கேட்டாள். வருஷா வருஷம் யாராவது கேட்பதுதான். சிரித்துச் சமாளித்துவிடுவேன். அன்றைக்குச் சிரிக்க வரவில்லை சாமி. கண் நிறைந்துவிட்டது. அவள் பயந்துபோய், "பரவாயில்லீங்க, குடுங்க, வாங்கிக்கறேன்" என்றாள்.

உன் அண்ணியைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டுச் சேலத்துக்குப் பஸ் ஏறினேன். ஏஜெண்டு முகத்தைப் பார்க்காமல் பேசினார். சரக்குச் சேரவில்லையாம். பாதிக் கட்டணக் கப்பல் ஆவணி பாதிக்கு மேல்தான் புறப்படுமாம். "இப்படிச் செய்யலாமுங்களா?" என்று கேட்டேன். "நாளும் கெழமையும் இல்லாதவங்களுக்கு அது லாபந்தானுங்க. நீங்க கல்யாணத்துக்குன்னு எங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களே" என்றார். நியாயம்தான். பாதி என்ற எழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கல்யாணம் இரண்டாம் பட்சமாகிவிட்டது. அச்சாரம் திரும்பி வராது என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நீ எழுதியிருந்த இந்த வழக்கமான கப்பலுக்கு முழுக் கட்டணம் கட்டினேன். பணத்தை நீட்டும்போது பேரம் கூடப் பேசவில்லை. நீ நம்ப மாட்டாய்.

உன் அண்ணி வரவில்லை. ஆடிக் கடையைப் பார்க்க ஆள் வேண்டும் என்று அவளே நின்றுகொண்டாள். "நீங்க போங்க. இந்தத் தடவ ஊட்டுல இருந்துட்டு எனக்குக் காரணம் சொல்லாதீங்க" என்றாள். அடுத்த தடவை அவளையும் கூட்டி வருவேன் என்று எழுத வந்தேன். எழுதவில்லை. எழுதிவிட்டு வராமல் இருப்பது எனக்குப் பழகிப்போன காரியம்.

அதனால்தான் தந்தியும் கொடுக்கவில்லை. வருகிறேன், வருகிறேன் என்று உனக்கு நான் எழுதியது போதும். வந்து வாசலில் நின்ற பிறகு நம்பினால் போதும்.

அம்மா விஷயத்தை நேரில் பேச எனக்குத் தைரியம் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அம்மா கடைசியில் உன் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். இதை உனக்குச் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தேன். உனக்குச் சேர வேண்டியதை நான் வைத்துக்கொள்ளக்கூடாது.

ஈரோட்டுக்காரரைக் கல்யாணத்துக்குக் கட்டாயம் வரச் சொல். முதல் பந்தியில் உட்கார வை. பட்டத்தை நான் கட்டிக்கொள்கிறேன்.

சேலை பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அரப்புத்தூளும் இருக்கிறது. சந்தகை உரலைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருக்கிறேன். பக்கத்தில் படுப்பவர் இது என்ன ஆயுதம் என்று கேட்டார்.

இதைக் கப்பல் தபால்பெட்டியில்தான் போடப்போகிறேன். கடிதமும் நானும் ஒரே கப்பலில் வருகிறோம். தபால்காரரை முந்திக்கொண்டு நான் வந்துவிட்டால், இது வந்து சேரும்போது என் எதிரில் படிக்காதே. தபால்காரர் முந்திக்கொண்டால், சந்தகைக்கு அரிசியை ஊறப் போடு. உன் அண்ணன் தெருமுனைக்கு வந்துவிட்டான்.

அண்ணன்,
குழந்தைவேல்