மீனுக்கு இருப்பது, நமக்கு இல்லாதது

காலையில் வீட்டில் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷினில் யூவி விளக்குக் குழாய் மாற்ற ஒருவர் வந்தார். மூடியைக் கழற்றியதும் அந்த நீல வெளிச்சம். "நேரா பாக்காதீங்கக்கா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதைவிடப் பெரிய விளக்கின் முன்னால் உன்னை நிறுத்தினார்களே, அன்றைக்கு இப்படிச் சொல்ல ஒரு நாதியில்லை.

கடல் உயிரியல் படித்த சாமல்பட்டிக்காரி நீ. ஓசூரில் பிளாஸ்டிக் மூடிகளில் அச்சடித்த மையை யூவி விளக்கில் உலர்த்தும் வேலைக்கு வந்தாய். "எனக்குக் கெடைச்ச கடல் எங்க ஊர்ப்பக்கத்துப் பாரூர் ஏரிதான்டி" என்று சிரிப்பாய். சாப்பாட்டு நேரத்தில் விடாமல் பேசுவாய். யூவி பட்டால் டிஎன்ஏ இழையில் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் ஒட்டிக்கொள்ளுமாம். அதற்குப் பயந்து கடலில் மிதக்கும் பொடி உயிர்கள் சில பகலில் ஆழத்துக்கு இறங்கிவிடுமாம். பவளத்துக்கு அதனுள் வாழும் பாசி வெயில் தாங்கும் பொருளைச் செய்து கொடுக்குமாம். மீனுக்கு ஒரு நொதி உண்டு. வெயிலின் நீல ஒளியைக் கொண்டே ஒட்டிய எழுத்துகளைப் பிரித்துவிடும்.

"நமக்கு அந்த நொதி கெடையாதுடி. நம்ம ஒடம்புக்கு வேற வழி இருக்கு, ஆனா மெதுவா நடக்கும். நாமதான் தள்ளி நிக்கணும்."

எங்கே தள்ளி நிற்க விட்டார்கள்? விளக்குப் பெட்டியின் கதவைத் திறந்தால் விளக்கு தானாக அணைய ஒரு சுவிட்ச் உண்டு. அணைந்தால் ஆறித்தான் மறுபடி எரியும், அதற்குள் டார்கெட் போய்விடும். அதனால் சுவிட்சை அமுக்கி டேப் ஒட்டிவிடுவது நம் லைனின் வழக்கம். சிக்கிய மூடிகளை எடுக்க நீ கதவைத் திறப்பாய். எரிகிற விளக்கு உன் இடது கன்னத்தில் அடிக்கும். பொறுக்காமல் ஒருநாள் டேப்பைப் பிய்த்தாய். லைன் நின்றது. படித்த திமிர் என்று எல்லோர் முன்னாலும் ஏசினார் சூப்பர்வைசர். மறுநாள் புது டேப்.

கன்னத்தில் வந்த கறுப்புப் புள்ளியைப் புற்றுநோய் என்றார் டாக்டர். வேலையால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். அந்த ஒரு வரி போதாதா கம்பெனிக்கு? ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்த மேனேஜர், "கழனி வேல செய்யற குடும்பம்தானேம்மா, வெயில்ல வந்திருக்கும்" என்றார்.

நீ பக்கத்தில் நின்ற உன் அப்பாவைக் காட்டினாய். "வாழ்நாள் பூரா வெயில்ல நின்னவரு இவருதான் சார். இவரு கன்னத்தப் பாருங்க."

மேனேஜர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆப்பிளை உன் அப்பா கையால்கூடத் தொடவில்லை.

நீ போனபின் இப்போது அந்த லைனுக்கு நான்தான் பொறுப்பு. ஷிப்ட் தொடங்கும்போது டேப் இருந்தால் பிய்த்து எறிகிறேன். மேலே திட்டுகிறார்கள், திட்டட்டும். நேற்று புதிதாகச் சேர்ந்த ஒருத்தி, விளக்கு ஆறும்வரை சும்மா நிற்பதா என்று சலித்துக்கொண்டாள்.

"நில்லு. நீ ஒண்ணும் மீன் இல்ல" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அணைந்த விளக்கின் முன்னால் கன்னத்தைச் சொறிந்துகொண்டு நின்றாள். உனக்கு ஒரே ஒரு நாள்தான் அது அணைந்தது.